நாக்கின் சாட்சியை எவ்வளவு நம்பலாம்?

(நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவி ஒருவர் ஆற்றிய உரை. மலருக்காக அவரே எழுத்தில் தந்தது.)



இதே மேடையில், மூன்றாம் ஆண்டில் படிக்கும்போது, திருக்குறள் ஒப்புவித்து நான் ஓர் எனாமல் தட்டைப் பரிசாகப் பெற்றேன். அந்தத் தட்டு இன்னும் என் வீட்டில் இருக்கிறது. அதில் சோறு தின்று வளர்ந்தவள் இன்று சோற்றைப் பற்றியே பேச வந்திருக்கிறேன் என்றால் மிகையாகாது.

நான் பால்மரம் வெட்டியவரின் மகள். இப்போது ஓர் உணவுத் தொழிற்சாலையின் சுவைச் சோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். என் அப்பாவுக்குக் கடைசிவரை இந்த வேலை புரியவே இல்லை. "பிஸ்கட்டு தின்றதுக்கா உனக்குச் சம்பளம் கொடுக்கிறான்?" என்று கேட்பார். "இல்லைப்பா, நான் தின்றதில்லை. தின்றவங்களைக் கேட்கிறதுதான் என் வேலை" என்பேன். "அதைவிட மோசம்!" என்று சிரிப்பார்.

உண்மையும் அதுதான். பிடிக்கிறதா, பிடிக்கவில்லையா என்று கேட்பதே என் வேலை. கேட்பதற்கு எளிது. ஆனால், கிடைக்கும் பதிலை நம்பலாமா என்று கண்டுபிடிப்பதற்குள் தலை நரைத்துவிடும்.

பரிசளிப்பு விழாவில் இதை ஏன் பேசவேண்டும் என்று நீங்கள் எண்ணக்கூடும். தாய்மார்களே, நீங்களும் இந்தக் கேள்வியை நாள்தோறும் கேட்கிறீர்கள். "கீரை பிடிக்கலைம்மா" என்று பிள்ளை சொன்னால், மறுநாள் முதல் கீரை அடுப்பேறுவதில்லை. "தேயிலையில் இனிப்புப் பத்தலை" என்று வீட்டுக்காரர் சொன்னால், இன்னொரு கரண்டி சீனி விழுகிறது. "குழம்பில் உப்பே இல்லை" என்று தாத்தா சொன்னால், உப்புச் சாடி நடுக்கூடத்துக்கே வந்துவிடுகிறது. ஒரு குடும்பம் என்ன தின்று வாழ்கிறது என்பதை இப்படி மூன்று நான்கு நாக்குகள்தாம் தீர்மானிக்கின்றன.

அந்தத் தீர்மானத்தின் விலையையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் 2019இல் எடுக்கப்பட்ட தேசிய சுகாதார ஆய்வில், 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100க்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தபோது இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். நம் லயத்திலும் தாமானிலும் ஊசி போட்டுக்கொள்ளாதவர் இல்லாத வீடு எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஆகவே, நாக்கு ஒரு சாட்சி. சாட்சியை நம்புவதற்கு முன் குறுக்கு விசாரணை செய்யவேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதே இன்றைய என் பேச்சு.

முதலில், எங்கள் கூடத்தில் எப்படிக் கேட்கிறோம் என்று சொல்கிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகளில், அமெரிக்க இராணுவத்துக்கு ஒரு பெரும் கவலை. சிப்பாய்க்குச் சத்தான உணவு கொடுத்தாலும் அவன் தின்னாமல் போட்டுவிட்டால் என்ன பயன்? அந்த இராணுவத்தின் உணவு ஆய்வுக் கூடம் சிக்காகோவில் இருந்தது. அங்கே டேவிட் பெரியம் என்பவரும் அவருடைய தோழர்களும் 9 படிகள் கொண்ட ஓர் அளவுகோலை அமைத்தார்கள். மேல்படி 'மிக மிகப் பிடிக்கிறது'. அடிப்படி 'அறவே பிடிக்கவில்லை'. நடுப்படி 'பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை'. 1950களில் பரவிய அந்த ஏணியைத்தான் உலகெங்கும் உணவுத் தொழிற்சாலைகள் இன்றும் பயன்படுத்துகின்றன.

ஏணி மட்டும் போதாது. எங்களிடம் சுவைக்க வருபவருக்குப் பொருளின் பெயர் தெரியாது. கிண்ணத்தின் மேல் 3 இலக்க எண் ஒன்றுதான் இருக்கும். '1', '2' என்று எழுதினால், '1' உசத்தி என்று மனம் நினைத்துக்கொள்ளும். ஒருவருக்கு முதலில் கொடுத்ததை இன்னொருவருக்குக் கடைசியில் கொடுப்போம். ஏனெனில், பசியோடு வாயில் வைக்கும் முதல் பொருளுக்கு மதிப்பெண் கூடிவிடும். இடையிடையே தண்ணீர் கொடுத்து வாயைக் கழுவச் சொல்வோம். சில வேளைகளில் நிறம் தெரியாமல் இருக்கச் சிவப்பு விளக்கைக்கூடப் போடுவோம். ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் இருக்கத் தடுப்புப் பலகையும் உண்டு.

ஒரு துண்டு பிஸ்கட்டுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்கிறீர்களா? இத்தனையும் செய்த பிறகும் வயதுக்கு வயது பதில் வேறுபடுகிறது. முதலில் பிள்ளைகளைப் பார்ப்போம்.

இரண்டு, மூன்று வயதுப் பிள்ளையிடம் இரண்டு கிண்ணத்தைக் காட்டி "எது நல்லா இருக்கு?" என்று கேளுங்கள். கைக்கு எட்டியதைக் காட்டும். அல்லது கடைசியாகத் தின்றதைக் காட்டும். அல்லது "ரெண்டும்" என்று இரண்டையும் இழுத்துக்கொள்ளும். அது பொய் சொல்லவில்லை. 'இதைவிட அது' என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைக்கு அந்த மூளை இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான்.

நான்கு, ஐந்து வயதில் நிலைமை மாறுகிறது. இரண்டு பொருளைக் கொடுத்தால் பிடித்ததை விரலால் காட்டத் தெரியும். ஆனால், நான்குக்கும் ஐந்துக்கும் நடுவிலேயே பெரிய வேறுபாடு உண்டு. ஹாலந்து நாட்டு ஆய்வாளர்கள், சீனியின் அளவை மாற்றி மாற்றிக் கலந்த ஆரஞ்சுப் பானங்களை இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 2004இல் அதைப் பற்றி எழுதினார்கள். ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்டபோது, ஐந்து வயதுப் பிள்ளைகளின் பதில்கள் பெரும்பாலும் ஒத்துப்போயின. நான்கு வயதுப் பிள்ளைகளின் பதில்கள் அந்த அளவுக்கு ஒத்துப்போகவில்லை. பாலர் பள்ளிக்கும் முதலாம் ஆண்டுக்கும் இடையே பிள்ளைகள் எவ்வளவு வளர்ந்துவிடுகிறார்கள் என்பது நம் ஆசிரியைகளுக்குத் தெரியாததா என்ன?

எழுத்துப் படிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காகச் சிரித்த முகம், சாதா முகம், அழுத முகம் என்று படம் போட்ட அட்டை கொடுப்பதுண்டு. அதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. எங்கள் கூடத்துக்கு வந்த ஐந்து வயதுப் பையன் ஒருவன், கொடுத்த ஐந்து கிண்ணத்துக்கும் சிரித்த முகத்தையே காட்டினான். அவற்றில் ஒன்றை அவன் முழுங்கவே இல்லை. கன்னத்தில் அடக்கி வைத்திருந்தான்! "ஏன் தம்பி, இதுவுமா பிடிச்சிருக்கு?" என்றேன். "அழுவுற மூஞ்சியைக் காட்டினா நீங்க கோவிச்சுக்குவீங்க" என்றான்.

அன்று அவன் எனக்குப் பாடம் நடத்தினான். பிள்ளை எப்போதும் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. கேட்பவர் முகத்துக்குப் பதில் சொல்கிறது. முன்பு ஒரு சோதனையில் தாய்மார்களைப் பிள்ளைகளின் பக்கத்திலேயே உட்கார வைத்துவிட்டோம். "நல்லாயிருக்கில்ல கண்ணு?" என்று அம்மா தலையாட்டியபடி கேட்டால், எந்தப் பிள்ளைதான் இல்லை என்று சொல்லும்? அந்த ஒரு வாரத் தாள்களைக் கட்டிக் குப்பையில் போட்டோம்.

முகம் மட்டுமா? உறையும் ஏமாற்றும். அமெரிக்காவில் 3 முதல் 5 வயதுவரையுள்ள 63 பிள்ளைகளுக்கு ஒரே உணவை இரண்டு விதமாகக் கொடுத்தார்கள். ஒன்று வெறும் தாளில். மற்றொன்று பெயர்பெற்ற ஒரு துரித உணவுக் கடையின் தாளில். கடைத்தாளில் இருந்ததுதான் ருசி என்று பெரும்பாலோர் சொன்னார்கள். கேரட்டைக்கூடச் சொன்னார்கள். இது 2007இல் வெளிவந்த ஆய்வு. ஆகையால், "என் பிள்ளைக்கு அந்தக் கடைப் பண்டம்தான் பிடிக்கும்" என்று பெருமைப்படுவதற்கு முன், பிடிப்பது பண்டமா, தாளா என்று ஒரு தடவை பாருங்கள்.

எட்டு, ஒன்பது வயதுக்குப் பிறகு ஏணியின் படிகளைப் புரிந்துகொண்டு ஓரளவு நிலையான பதில் சொல்கிறார்கள். பத்து, பன்னிரண்டு வயதில் இன்னும் திருத்தம். ஆனால், அப்போது வேறொரு தொல்லை வருகிறது. பக்கத்துப் பையன் என்ன எழுதினான் என்று எட்டிப் பார்ப்பார்கள். ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு மாணவர்களே, நான் உங்களைத்தான் சொல்கிறேன்!

சரி, பிள்ளையின் நாக்கு எதையுமே உறுதியாகச் சொல்லாதா? ஒன்றைச் சொல்லும்: இனிப்பு. பிறந்து சில மணி நேரமே ஆன சிசுவின் நாக்கில் இனிப்புத் துளியை வைத்தால் முகம் மலர்ந்து சப்புக்கொட்டும். கசப்பை வைத்தால் வாயைக் கோணும். இது யாரும் சொல்லிக் கொடுத்ததன்று. 9 முதல் 15 வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைவிட அதிகத் தித்திப்பை விரும்புகிறார்கள் என்று 1975இல் ஓர் ஆய்வு காட்டியது. பிறகு 11 முதல் 15 வயதில் சோதித்தவர்களையே, அவர்கள் 19 முதல் 25 வயதை எட்டியதும் மறுபடி கூப்பிட்டுச் சோதித்தார்கள். விரும்பிய தித்திப்பின் அளவு குறைந்திருந்தது. அதாவது, பிள்ளை "இன்னும் சீனி போடும்மா" என்றால் அது உண்மையான சாட்சிதான். ஆனால், அது அந்த வயதின் சாட்சி; ஆயுள் முழுவதற்குமான தீர்ப்பு அன்று. நாம்தான் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, சிரப்புத் தண்ணியையும் டின் பாலையும் ஊற்றி ஊற்றிப் பழக்கமாக்கிவிடுகிறோம்.

அதேபோல், "பிடிக்கலை" என்ற சொல்லையும் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவேண்டும். பிள்ளை முதன்முறை பாகற்காயைத் துப்பினால், பல நேரங்களில் அதன் பொருள் 'இது எனக்குப் புதுசு' என்பதே. பிள்ளைகளின் உணவுப் பழக்கத்தை நெடுங்காலம் ஆராய்ந்தவர் லீயன் பர்ச் என்னும் அமெரிக்க அம்மையார். இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பழக்கமில்லாத உணவுகளைத் திரும்பத் திரும்ப ருசிக்கக் கொடுத்தார். அதிகத் தடவை ருசித்ததையே அதிகம் விரும்பினார்கள். இது 1982இல் வெளிவந்தது. 1990இல் நாம் தௌஹூ என்று சொல்கிறோமே, அந்தச் சோயாக் கட்டியைச் சில பிள்ளைகளுக்கு இனிப்பாகவும், சிலருக்கு உப்பாகவும், சிலருக்கு வெறுமனேயும் பல வாரம் கொடுத்தார்கள். எவருக்கு எது பழகியதோ அதையே அவர் விரும்பினார். வெறுமனே தின்று பழகிய பிள்ளை வெறும் தௌஹூவையே விரும்பியது.

ஆகவே தாய்மார்களே, ஒரு தடவை துப்பியதைக் கணக்கில் எழுதாதீர்கள். பத்துத் தடவையாவது, வற்புறுத்தாமல், ஒரு சுண்டைக்காய் அளவு வையுங்கள். தின்னாவிட்டால் பேசாமல் எடுத்துவிடுங்கள். பத்தாவது தடவையும் அதே பதில் வந்தால், அப்போது அந்தப் பிள்ளையின் சொல்லுக்கு மரியாதை கொடுங்கள்.

இனிப் பெரியவர்களிடம் வருகிறேன். இங்கே என் வீட்டுக் கதையையே சொல்லவேண்டும்.

என் அப்பாவுக்கு எழுபது வயது ஆனபோது, சாப்பாட்டு நேரம் சண்டை நேரமாகிவிட்டது. "குழம்பு வெந்நீர் மாதிரி இருக்கு" என்பார். நாற்பது ஆண்டுகளாக அதே கையால் அதே குழம்பை வைத்த அம்மா, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அப்பா உப்பை அள்ளிப் போடுவார். அவருக்கோ இரத்தக் கொதிப்பு. "பிடிவாதக் கிழவன்" என்றார் அம்மா. "கைப்பக்குவம் போச்சு" என்றார் அப்பா. ஊரெல்லாம் நாக்கைச் சோதிக்கும் நான், என் வீட்டு நாக்கைச் சோதிக்கவில்லை.

ஒரு நாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடெல்லாம் நாற்றம். அப்பா அடுப்படிக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து நிம்மதியாகப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கெட்டது அம்மாவின் கைப்பக்குவமும் அன்று. அப்பாவின் குணமும் அன்று. அப்பாவின் மூக்கு.

நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு மணம்தான். இன்று வீட்டுக்குப் போனதும் மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு ஒரு துண்டு மாம்பழத்தைத் தின்று பாருங்கள். இனிப்பும் புளிப்பும் தெரியும், மாம்பழம் தெரியாது. மூக்கை விடுங்கள், உடனே மாம்பழம் வந்துவிடும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் கோவிட் கண்டவர்களில் பலருக்குச் சோறு மண்ணாக இருந்ததே, நினைவிருக்கிறதா? நமக்குச் சில வாரம் வந்து போனது, முதியவர்களில் பலருக்குச் சத்தமில்லாமல் வந்து தங்கிவிடுகிறது.

1984இல் அமெரிக்காவில் 5 வயது முதல் 99 வயதுவரை 1,955 பேரின் மோப்ப சக்தியைச் சோதித்தார்கள். 65 முதல் 80 வயதுவரை உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு அது வெகுவாகக் குறைந்திருந்தது. 80ஐத் தாண்டியவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமானோர் அந்த நிலையில் இருந்தார்கள். அதற்கு முன்பே, 1977இல், சூசன் ஷிஃப்மன் என்ற அம்மையார், காய்கறிகளையும் பழங்களையும் மசித்து, கண்ணைக் கட்டி, இளைஞர்களுக்கும் முதியவர்களுக்கும் கொடுத்து "இது என்ன?" என்று கேட்டார். இளைஞர்கள் கண்டுபிடித்ததில் பலவற்றை முதியவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. மூக்கு மங்கியது பலருக்குத் தாமாகத் தெரிவதும் இல்லை. கண் மங்கினால் எழுத்து தெரியவில்லை என்போம். மூக்கு மங்கினால் சமையல் சரியில்லை என்கிறோம்.

இதோடு மருந்தும் சேர்கிறது. இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் கொடுக்கும் மாத்திரைகளில் சில, நாக்கின் ருசியை மாற்றும். வாயில் இரும்புச் சுவை வரச் செய்யும். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கிளினிக்கில் டாக்டரிடம் சொல்லுங்கள். பொய்ப்பல் மேலண்ணத்தை மூடுவதும், வாய் உலர்ந்து போவதும் ருசியைக் குறைக்கும்.

அப்படியானால் முதியவரின் சாட்சி பொய்யா? அதுதான் இல்லை. நிதானமாக, பெரிய எழுத்தில், ஒவ்வொன்றாகக் கேட்டால் முதியவர்கள் ஒழுங்காகவே பதில் சொல்கிறார்கள். மூக்கு மங்கிய அளவுக்கு விருப்பம் மங்கிவிடுவதில்லை என்றும் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். நேற்றுப் பிடித்தது இன்றும் பிடிக்கும். "எனக்கு ருசிக்கவில்லை" என்று அவர் சொல்வது முழு உண்மை. "நீ சரியாகச் சமைக்கவில்லை" என்று சொல்வதுதான் தவறு. முதல் வாக்கியத்தை நம்புங்கள், இரண்டாவதை மன்னித்துவிடுங்கள்.

பிள்ளைகளைப் பார்த்தோம், தாத்தா பாட்டியைப் பார்த்தோம். மீதி இருப்பது யார்? நாம்தான். நமக்கு நம் நாக்கின்மேல் அசாத்திய நம்பிக்கை. அதனால்தான் நம்மை ஏமாற்றுவது இன்னும் எளிது.

சுவீடன் நாட்டில் லுண்ட் என்ற ஊரின் ஒரு பேரங்காடியில், சாமான் வாங்க வந்த 180 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். இரண்டு வகை ஜாமை ருசி பார்த்து, பிடித்ததைச் சொல்லவேண்டும். பிறகு பிடித்ததை மறுபடி ருசித்து, ஏன் பிடித்தது என்று விளக்கவேண்டும். தேயிலைக்கும் இப்படியே, அதை மட்டும் முகர்ந்து பார்க்கவேண்டும். இதில் ஒரு தந்திரம் இருந்தது. புட்டிக்குள் இரண்டு அறைகள். அவர்களுக்குத் தெரியாமல் புட்டியைத் தலைகீழாக்கிவிட்டு, பிடிக்காததையே பிடித்தது என்று சொல்லி மறுபடி கொடுத்தார்கள். கண்டுபிடித்தது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. மற்றவர்களோ, தாம் தள்ளிவிட்ட ஜாமையே நாக்கில் வைத்துக்கொண்டு, "இது நல்ல மணம், அதனால்தான் எடுத்தேன்" என்கிற பாணியில் காரணம் சொன்னார்கள்! பட்டை சேர்த்த ஆப்பிள் ஜாமுக்கும் கசப்பான கிரேப்ஃப்ரூட் ஜாமுக்கும் உள்ள வேறுபாட்டைக்கூடப் பாதிப்பேருக்கு மேல் கண்டுபிடிக்கவில்லை. 2010இல் வெளிவந்த இந்த ஆய்வைப் படித்த அன்று, என் வேலைமீதே எனக்குப் பயம் வந்துவிட்டது.

பெரிய கம்பெனிகளும் இதில் இடறியிருக்கின்றன. 1985 ஏப்ரலில் கொக்கக் கோலா நிறுவனம் தன் பானத்தின் சுவையை மாற்றியது. அதற்கு முன் ஏறத்தாழ 2 இலட்சம் ருசிச் சோதனைகள் நடந்தன. புதியதுதான் நன்றாக இருக்கிறது என்று பெரும்பாலோர் சொன்னார்கள். ஆனால், கடைக்கு வந்ததும் மக்கள் கொதித்து எழுந்தார்கள். 79 நாளில் பழையது திரும்பி வந்தது. ஒரு வாய் குடித்துச் சொல்லும் பதில் வேறு. நாள்தோறும் வீட்டில் குடித்துச் சொல்லும் பதில் வேறு. பெயருக்கும் பழக்கத்துக்கும் உள்ள பாசத்தைக் கிண்ணத்தில் ஊற்றி அளக்க முடியாது.

நம் பழக்கம் மாறக்கூடியது என்பதுதான் இதிலுள்ள நல்ல செய்தி. உப்பைக் குறைத்துச் சில மாதம் சாப்பிட்டவர்களைச் சோதித்தபோது, அவர்கள் விரும்பும் உப்பின் அளவே குறைந்துபோயிருந்தது என்று 1982இல் ஓர் ஆய்வு காட்டியது. முதல் வாரம் நாக்கு கத்தும். மூன்றாம் மாதம், பழைய குழம்பைக் கொடுத்தால் "ஐயோ, என்ன இவ்வளவு கரிப்பு!" என்று அதே நாக்கு சொல்லும். எந்தச் சாட்சியை நம்புவது? பொறுத்திருந்து கேட்டால் இரண்டாவது சாட்சியும் கிடைக்கும் என்பதுதான் விடை.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? மாணவச் செல்வங்களே, இதை நீங்களே செய்து பார்க்கலாம். இரண்டு கிண்ணத்தில் எலுமிச்சைச் சாறு கலக்குங்கள். ஒன்றில் இரண்டு கரண்டி சீனி. மற்றொன்றில் ஒரு கரண்டி. கிண்ணத்தின் அடியில் ஒன்றுக்குப் பூனைப் படமும் ஒன்றுக்குப் பந்துப் படமும் ஒட்டிவிடுங்கள். தம்பியையோ தாத்தாவையோ கூப்பிட்டு, வாய் கழுவச் செய்து, எது பிடிக்கிறது என்று கேளுங்கள். நீங்கள் சிரிக்கவும் கூடாது, முகம் சுளிக்கவும் கூடாது. மறுநாள் இடம் மாற்றி வைத்து மறுபடி கேளுங்கள். இப்படி ஐந்து நாள்.

இப்போது ஒரு கணக்கு. ஒருவர் ருசியே பார்க்காமல், காசைச் சுண்டிப் போடுவதுபோல் வாய்க்கு வந்ததைச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு நாளும் ஒரே பதில் வர, இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. மூன்று நாளும் ஒரே பதில் வர, நான்கில் ஒன்று. ஐந்து நாளும் ஒரே பதில் வர, பதினாறில் ஒன்றுதான். ஆகவே, ஐந்து நாளும் பூனைக் கிண்ணத்தையே காட்டினால், அந்த நாக்கு தெரிந்துதான் சொல்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். மாறி மாறிக் காட்டினால் கோபிக்காதீர்கள். அந்த வேறுபாடு அவருக்கு அவ்வளவு முக்கியமில்லை என்று பொருள். அப்படியானால், இரண்டு கரண்டி எதற்கு? ஒரு கரண்டி போதுமே! சீனி மிச்சம், ஊசியும் மிச்சம்.

வாய்ச் சாட்சியைத் தட்டின் சாட்சியோடு சேர்த்துப் பார்ப்பதும் நல்லது. பள்ளியில் துணை உணவுத் திட்டத்தில் சாப்பிடும் பிள்ளையை "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நல்லா இருந்தது டீச்சர்" என்றுதான் சொல்லும். தட்டில் எது மிஞ்சுகிறது என்று ஒரு வாரம் பாருங்கள். அது ஆசிரியர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லாது.

பரிசு நாளில் பரிசைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். "கீரையைத் தின்னா ஐஸ்கிரீம் வாங்கித் தர்றேன்" என்று நாம் எல்லோருமே சொல்லியிருக்கிறோம். முன்பு சொன்ன பர்ச் அம்மையார் இதையும் சோதித்தார். ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லிக் குடிக்க வைத்த பிள்ளைகளுக்கு, அந்தப் பானத்தின்மேல் இருந்த விருப்பம் குறைந்துபோயிற்று. இது 1984இல். மாறாக, எந்தத் தின்பண்டத்தைப் பரிசாகக் கொடுத்தார்களோ அதன்மேல் விருப்பம் கூடியது. பிள்ளையின் கணக்கு மிக நேரானது: 'கூலி கொடுத்துத் தின்னச் சொல்கிறார்கள் என்றால், இது நல்லதாக இருக்க முடியாது.' படிப்புக்குப் பரிசு கொடுங்கள், ஓட்டத்துக்குப் பரிசு கொடுங்கள். கீரைக்கு மட்டும் வேண்டாம். நீங்கள் உட்கார்ந்து அதே கீரையை ரசித்துத் தின்பதே போதும்.

இறுதியாக ஒன்று. கன்னத்தில் அடக்கிக்கொண்டு சிரித்த முகத்தைக் காட்டினானே, அந்தப் பையனை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஒரு வாய் உணவுக்கே நம் கோபத்துக்குப் பயந்து பொய் சொல்லும் பிள்ளை, நாளை "எந்தப் பாடம் பிடிக்கும்? என்ன வேலைக்குப் போக ஆசை? பள்ளியில் யாராவது உன்னைத் தொல்லை செய்கிறார்களா?" என்று நாம் கேட்கும்போது மட்டும் உண்மையைச் சொல்லிவிடுமா? உண்மை சொல்லும் பழக்கம் சாப்பாட்டுத் தட்டில் தொடங்குகிறது. "பிடிக்கலைம்மா" என்று சொன்ன பிள்ளையை அடிக்காதீர்கள், கேலி செய்யாதீர்கள். "சரிடா, இன்னொரு நாள் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். இன்னொரு நாள் கட்டாயம் பாருங்கள்.

என் அப்பாவின் கதையை முடிக்காமல் போனால் அம்மா கோபித்துக்கொள்வார். பால் தீய்ந்த அன்றே நான் அம்மாவிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினேன். உப்புச் சாடி மேசையிலிருந்து இறங்கியது. அதற்குப் பதில் இஞ்சி, பூண்டு, கறிவேப்பிலை, கொத்துமல்லி, கடைசியில் பிழியும் எலுமிச்சை எல்லாம் முன்னைவிட இரண்டு மடங்கு விழுந்தன. குழம்பைச் சூடாகவே பரிமாறினார். மணம் ஏறினால், மங்கிய மூக்குக்கும் கொஞ்சம் எட்டுமல்லவா? ஒரு வாரம் அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒரு மத்தியானம், தட்டை வழித்து நக்கிவிட்டு, "இன்னைக்குத்தான் உங்கம்மா பழையபடி சமைச்சிருக்கா" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். பழையபடி அவர் சமைக்கவே இல்லை. இருந்தாலும் இருவரும் வாயைத் திறக்கவில்லை. சாட்சி அப்படிச் சொல்லும்போது, குறுக்கு விசாரணை எதற்கு?

பரிசு பெறும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்து. பெறாத பிள்ளைகளுக்கு இரட்டிப்பு வாழ்த்து. ஒரு தேர்வு, ஒரு வாய் உணவைப் போல. அதை மட்டும் வைத்து உங்களை யாரும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. விழா முடிந்ததும் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் நமக்கெல்லாம் விருந்து ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சாப்பிட்டுவிட்டு, எப்படி இருந்தது என்று சமையல்காரரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.